வற்றிச் சுருங்கிய விதைக்கிழங்கு நடவுக்கு ஆகுமா? (இஞ்சி, மஞ்சள், வெங்காயமும் இதே இழையில்)

கேத்திப்பள்ளம்:
நீலகிரியில் கார்போக (பருவமழைக்கு முந்திய) நடவுக்கு வைத்திருக்கும் குஃப்ரி ஜோதி ரக உருளைக்கிழங்கு விதை. போன ஆகஸ்டில் எடுத்தது, சாக்கு மூட்டையோடு கொட்டகையிலேயே கிடந்தது. இப்போது ஏப்ரல். தோல் சுருங்கி, அமுக்கினால் மெத்தென்று இருக்கிறது. பாதிக் கிழங்கில் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளை முளை. மீதியில் அரை அங்குலம்தான். 50 கிலோ கட்டிய மூட்டை 40தான் நிற்கிறது.

நடலாமா? தண்ணீரில் ஊறப்போட்டால் தேறுமா? பெரிசாக இருப்பதை வெட்டி நடலாமா? விதை விற்கிற விலைக்குக் கொட்டிவிட மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விதைநுட்பம்:
நடலாம், ஆனால் மொத்தமாக அள்ளிக்கொண்டு போய் நடக்கூடாது. சுருங்கியதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது கண்ணையும் முளையையும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். உருளையில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். எடுத்தபோது 40 கிராம் இருந்த கிழங்கில் 32 கிராம் தண்ணீர், 8 கிராம் மாவும் மற்றதும். மூட்டைக்கு 10 கிலோ போயிருக்கிறது என்றால் அந்தக் கிழங்கு இப்போது 32 கிராம். போன 8 கிராமில் பெரும்பங்கு தண்ணீர்தான். மூச்சுவிட்டும் முளை வளர்ந்தும் கொஞ்சம் மாவு செலவாகியிருக்கும். செடிக்கு முதல் மூன்று வாரம் சோறு போடும் மாவு பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது.

தண்ணீர் எந்த வழியாகப் போனது என்பதுதான் விஷயம். நன்றாக முற்றிய கிழங்கின் தோல் தக்கை மாதிரி, ஈரத்தைச் சுலபத்தில் விடாது. முளைக்கு அந்தத் தோல் இல்லை. அதே பரப்பளவுக்கு முளை வழியே தோலைவிட நூறு மடங்கு வரை தண்ணீர் வெளியேறும். அதனால் விரல் நீள வெள்ளை முளைதான் உங்கள் ஓட்டை. எட்டு மாதம் இருட்டு மூட்டையில் கிடந்தால் இப்படித்தான் ஆகும்.

இன்னொன்று கிழங்கின் வயது. எடுத்ததிலிருந்து ஏறத்தாழ இரண்டு மாதம் உறக்கம். பிறகு நுனிக்கண் மட்டும் முளைக்கும். அடுத்து எல்லாக் கண்ணும் முளைக்கும். நடவுக்கு இதுதான் பருவம். அதையும் தாண்டினால் முளையே கிளை பிரியும். கடைசிக் கட்டத்தில் முளை நூலாகி, அதன் அடியிலேயே பட்டாணி அளவுக் குட்டிக்கிழங்கு கட்டும். உங்களுடையது மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் என்று தோன்றுகிறது. மூட்டையைக் கொட்டி இப்படிப் பிரியுங்கள்:

முதல் குவியல்: முளை 2 செ.மீ.க்குள், தடிப்பாக, கிழங்கு அமுங்கினாலும் விரலை எடுத்ததும் மீள்கிறது. அப்படியே நடலாம்.

இரண்டாவது: நீள வெள்ளை முளை, ஆனால் அடிப்பகுதி பென்சில் தடிமன். தேற்றலாம், வழி கீழே.

மூன்றாவது: நூல் முளை, குட்டிக்கிழங்கு கட்டியது, கண் இருந்த இடம் காய்ந்து பழுப்பேறியது. இது விதை இல்லை.

நாலாவது: கசிவு, நாற்றம், ஓட்டை, கறுத்த குழி. தோட்டத்துக்கு வெளியே குழி வெட்டிப் புதைக்க வேண்டும். எருக்குழியில் போட்டால் எருவோடு திரும்ப நிலத்துக்கே வரும்.

கோத்தகிரி_வயல்:
மேலே சொன்னதோடு ஒன்று. நூல் முளை என்றால் வயது மட்டும் காரணமில்லை. வெப்பமான இடத்தில் கிடந்தாலும் வரும், நச்சுயிரி, ஊதாநுனி போன்ற நோய் தாக்கிய செடியிலிருந்து எடுத்த கிழங்கிலும் வரும். பத்து கிழங்கில் ஒன்றில் மட்டும் நூல் முளை, பக்கத்துக் கிழங்குகளில் தடித்த முளை என்றால் அந்த ஒன்றை நோய் என்றே எடுத்துக்கொள்ளலாம். மூட்டை முழுக்க நூல் என்றால் வயதும் சூடும். இரண்டையும் நடாதீர்கள்.

மண்டிப்பக்கம்:
ஊறப்போடுவதில் என்ன தப்பு? ராத்திரி தண்ணீரில் போட்டால் காலையில் கல் மாதிரி ஆகிவிடுகிறது. பலரும் செய்கிறார்கள்.

விதைநுட்பம்:
கல் மாதிரி ஆகும், உண்மைதான். சமையலுக்கு என்றால் செய்யுங்கள், விதைக்கு வேண்டாம். கிழங்கின் தோலில் புள்ளி புள்ளியாகத் தெரிவது மூச்சுத்துளைகள். தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் அவை உப்பித் திறந்துகொள்ளும், கிழங்குக்குக் காற்றும் கிடைக்காது. மெல்லழுகல் உண்டாக்கும் பாக்டீரியாவுக்குக் காற்றில்லாத ஈரம்தான் பிடிக்கும். ஒரே ஒரு அழுகல் கிழங்கு தொட்டியில் விழுந்தால் போதும், அந்தத் தண்ணீர் எல்லாக் கிழங்குக்கும் நோயை ஏற்றிவிடும். நட்ட பிறகு பத்து நாளில் மண்ணைக் கிளறினால் கூழாகக் கிடக்கும். "விதை வற்றிப்போனதால் முளைக்கவில்லை" என்று சொல்வார்கள், கொன்றது ஊறல்தான்.

ஈரம் கொடுக்க வேண்டுமானால் காற்றுக்குக் கொடுங்கள். கொட்டகைத் தரையில் தண்ணீர் தெளித்து, சுவரோரம் நனைந்த சாக்கைத் தொங்கவிடுங்கள். கிழங்கின் மேல் சொட்டக்கூடாது. இந்தக் கட்டத்தில் வற்றல் நின்றாலே போதும். மீதித் தண்ணீரை மண்ணிலிருந்து வேர் எடுத்துக்கொள்ளும்.

கோத்தகிரி_வயல்:
இதை முழுசாக ஏற்கிறேன். கூடவே, தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழிக்கும் வேலையும் வேண்டாம். அது நெல்லுக்கான சோதனை. உருளை தண்ணீரைவிடக் கனமானது, வற்ற வற்ற மாவின் பங்கு கூடி இன்னும் கனக்கும். வற்றியது, நல்லது எல்லாம் ஒன்றாகவே மூழ்கும். உள்ளே பொந்து விழுந்தது மட்டும் சில சமயம் மிதக்கும்.

கேத்திப்பள்ளம்:
நன்றி ஐயா. இரண்டாவது குவியல்தான் அதிகம் வரும் போல. அதை எப்படித் தேற்றுவது?

கோத்தகிரி_வயல்:
நீள முளையை ஒரு முறை கிள்ளிவிடலாம். ஒரே ஒரு முறைதான். அடியோடு பிடுங்கக் கூடாது, கண்ணே பெயர்ந்து வந்துவிடும். கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினால் முளை மட்டும் முறியும். முளையின் அடியில் சின்னச் சின்ன வெள்ளை முண்டுகள் தெரியும், வேர் வரப்போகும் இடம் அதுதான். 3 செ.மீ.க்குள் இருக்கும் முளையில் கை வைக்கவே வேண்டாம்.

கிள்ளிய பிறகு மரத்தட்டிலோ மூங்கில் பரணிலோ இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் பரப்புங்கள். வெளிச்சம் வேண்டும், வெயில் படக்கூடாது. ஜன்னல் இருக்கும் வடக்குப் பார்த்த கொட்டகை போதும். 10 முதல் 14 நாளில் புது முளை 1 செ.மீ. வரும், கரும்பச்சையாகவோ ஊதாவாகவோ குட்டையாக இருக்கும். வெளிச்சத்தில் வந்த முளை மூட்டை தூக்கும்போதும் முறியாது. கிழங்கே பச்சையாகும். விதைக்கு அது நல்லது, சாப்பாட்டுக்கு விஷம்.

இருட்டு மூட்டையில் வைக்காமல் ஆரம்பத்திலிருந்தே தட்டில் வெளிச்சத்தில் வைத்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

விதைநுட்பம்:
ஒரு திருத்தம். கிளை பிரிந்துவிட்ட முளையைக் கிள்ளினால் அடுத்து வருவது பலவீனமாகத்தான் வரும், சிலதில் வரவே வராது. அதற்குத்தான் முதலில் சோதனை. மூட்டைக்கு மூட்டை கலந்து 100 கிழங்கு எடுத்து, கிள்ளி, தட்டில் 14 நாள் வையுங்கள். 85க்கு மேல் தடித்த முளை விட்டால் மொத்தத்தையும் அப்படிச் செய்யலாம். 70-க்கும் 85-க்கும் நடுவில் என்றால் முளைத்ததை மட்டும் பொறுக்கி நடுங்கள். 70க்குக் கீழே என்றால் விதை வாங்குவதே லாபம். உழவு, உரம், ஆள்கூலி எல்லாம் முளைக்காத குழிக்கும் சேர்த்துத்தான் ஆகிறது. இந்த எண்கள் என் கணிப்பு, சட்டமில்லை.

தொட்டபெட்டா_காற்று:
ஜிப்ரலிக் அமிலம் தெளித்தால் முளை சீக்கிரம் வரும் என்கிறார்களே? கார்பன் டை சல்பைடும் சொல்கிறார்கள்.

விதைநுட்பம்:
இரண்டுமே உறக்கம் கலைக்கத்தான். எடுத்த கையோடு அடுத்த போகத்துக்கு நட வேண்டியவர்களுக்கு அது தேவை. ஜிப்ரலிக் அமிலம் என்றால் ஒரு பிபிஎம் அளவு, அதாவது 1,000 லிட்டருக்கு ஒரு கிராம். கார்பன் டை சல்பைடு 100 கிலோ விதைக்கு 30 கிராம், காற்றுப் புகாத அறையில். அது பீடி நெருப்புக்கே தீப்பிடிக்கும் ஆவி, மூச்சுக்கும் விஷம். கைப்பழக்கம் இல்லாதவர்கள் தொடாமல் இருப்பது நல்லது.

எட்டு மாதக் கிழங்கு தூங்கவில்லை, கிழடு தட்டியிருக்கிறது. அதற்கு ஜிப்ரலிக் கொடுத்தால் முளை இன்னும் நீண்டு மெலியும், அவ்வளவுதான்.

மண்டிப்பக்கம்:
வெட்டி நடும் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கோத்தகிரி_வயல்:
வற்றியதை வெட்டாதீர்கள். வெட்டிய முகத்தில் தக்கைத் தோல் கட்டினால்தான் அழுகல் உள்ளே போகாது. அந்தத் தோல் கட்ட ஈரம் வேண்டும், உயிர்த்துடிப்பான திசு வேண்டும், மூன்று நாலு நாள் 15 டிகிரி சுற்றி இதமான குளிர் வேண்டும். தளர்ந்த கிழங்கில் தோல் கட்டுவதற்குள் வெட்டுமுகம் காய்ந்து வெடித்துவிடும். வெட்டுக்கத்தி பழுப்பு அழுகலையும் ஒரு கிழங்கிலிருந்து அடுத்த கிழங்குக்குக் கொண்டுபோகும். நீலகிரி மண்ணில் அந்த நோய் இருக்கும்போது முழுக்கிழங்கு நடுவதுதான் வழக்கம், அதுவே நல்லது.

பெரிசாக இருக்கிறதென்றால் இருக்கட்டும். வற்றிய விதையில் பெரிய கிழங்குதான் முதலில் தேறும். 25 கிராமுக்குக் கீழே சுருங்கியதுதான் கஷ்டம், உலர் மண்ணில் விழுந்தால் முளை வெளியே வருமுன் தீர்ந்துவிடும்.

சேற்றுக்கால்:
ஒரு சந்தேகம். எல்லாச் சுருக்கமும் வற்றல்தானா? டிசம்பர், ஜனவரி உறைபனியில் கொட்டகையில் இருந்த கிழங்கும் இப்படித் தளர்ந்து கிடக்கிறதே.

விதைநுட்பம்:
அருமையான கேள்வி. சுருக்கத்துக்கு வேஷம் போடுபவை சில உண்டு.

உறைபனி பட்டது: தொட்டால் ரப்பர் மாதிரி, அமுக்கினால் தண்ணீர் கசியும். குறுக்கே வெட்டி அரை மணி நேரம் வைத்தால் வெட்டுமுகம் முதலில் இளஞ்சிவப்பாகி, பிறகு சாம்பல், கறுப்பு என்று மாறும். வெறும் வற்றல் கிழங்கை வெட்டினால் உள்ளே நிறம் நன்றாகவே இருக்கும். உறைந்தது செத்தது. அதை எந்த வைத்தியமும் தேற்றாது.

அந்துப்பூச்சி: கண்ணைச் சுற்றி கறுத்த எச்சம், தோலுக்கடியில் சுரங்கம். புழு தின்ற ஓட்டை வழியே கிழங்கு வேகமாக வற்றும். சேமிப்பில் உண்ணிச்செடி, தைல மரம் இவற்றின் காய்ந்த இலையைக் கிழங்கின் மேலும் கீழும் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினால் அந்து முட்டையிட வருவது குறையும். புழு ஏற்கெனவே உள்ளே போய்விட்டால் இலையால் பயனில்லை.

உலர் அழுகல்: ஒரு பக்கம் மட்டும் வட்டம் வட்டமாக மடிந்து சுருங்கும், வெட்டினால் உள்ளே பொந்தும் வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பூசணமும். வற்றல் என்றால் கிழங்கு முழுக்கச் சமமாகச் சுருங்கும். இந்த ஒரு வேற்றுமையே முக்கால்வாசி நேரம் போதும்.

பழுப்பு அழுகல்: கொடியோடு ஒட்டியிருந்த முனையை வெட்டுங்கள். தோலுக்கு உள்ளே பழுப்பு வளையம் தெரிந்து, அமுக்கினால் பால் போல முத்து முத்தாகக் கசிந்தால் சந்தேகமே வேண்டாம். இன்னும் உறுதி வேண்டுமானால் கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் வைத்து, வளையத்தை ஒட்டி நறுக்கிய சின்னத் துண்டைத் தண்ணீரின் மேல்மட்டத்தில் தொடும்படி பிடியுங்கள். ஆட்டக்கூடாது. ஓரிரு நிமிடத்தில் வெள்ளை நூலாக இழைந்து கீழே இறங்கும். இறங்கினால் அந்த மூட்டை முழுவதும் விதை இல்லை, நல்லதாகத் தெரியும் கிழங்கையும் பொறுக்காதீர்கள்.

வடமராட்சி_தோட்டம்:
அண்ணை, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கேள்வி. இங்கை நடுகை கார்த்திகை, மார்கழியில். ஐரோப்பாவிலிருந்து வாற விதைக்கிழங்கு கொள்கலனில் வந்து சேரேக்கை மூடைக்குள்ளேயே முளைச்சு, கொஞ்சம் வாடிப்போயிருக்கு. வெளியிலை பார்க்க நல்லாத்தான் இருக்கு. நட்டாப் பிறகு அங்கொண்டும் இங்கொண்டுமாய் அழுகுது. ஏன்?

விதைநுட்பம்:
கருமையம் இருக்கிறதா என்று பாருங்கள். காற்றோட்டமில்லாத இடத்தில் கிழங்கு குவிந்து சூடாகும்போது நடுவில் இருக்கும் திசுவுக்கு ஆக்சிஜன் எட்டாமல் உள்ளே மட்டும் கறுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. மூடைக்கு இரண்டு மூன்று கிழங்கை நீளவாக்கில் பிளந்தால் நடுவில் மை கொட்டியது போல இருக்கும். கண் உயிரோடு இருப்பதால் முளைக்கும், ஆனால் உள்ளே செத்த திசு மண்ணின் ஈரத்தில் அழுகிச் செடியை இழுத்துக்கொண்டு போகும். பிளந்தவற்றில் அங்கங்கே தெரிந்தால் அந்த மூடைகளைத் தனியாக வைத்து, விற்றவரிடம் பேசுங்கள்.

கருமையம் இல்லையென்றால் வந்த அன்றே மூடையைப் பிரித்துத் தட்டில் பரப்புங்கள். யாழ்ப்பாண வெப்பத்தில் ஒரு வாரம் மூடைக்குள் கிடப்பது மலையில் ஒரு மாதம் கிடப்பதற்குச் சமம். இலங்கை மலைநாட்டில் விவசாயிகள் பயன்படுத்தும் பரவல் வெளிச்சத் தட்டு அடுக்கு முறை உங்களுக்கும் பொருந்தும், அடுக்குகளுக்கு நடுவே காற்று போக ஒரு சாண் விட்டால் போதும். சூடு கூடிய இடத்தில் முளை கிள்ள வேண்டாம், அப்படியே நடுங்கள்.

வடமராட்சி_தோட்டம்:
விளங்கிச்சுது அண்ணை. பிளந்து பார்த்திட்டுச் சொல்லுறன்.

ஓசூர்_பக்கம்:
ஊட்டி விதையை இங்கே கொண்டுவந்து நடலாமா? வற்றிய கிழங்கு மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். காய்ந்துபோனதால் நூற்புழுவும் செத்திருக்கும்தானே?

கோத்தகிரி_வயல்:
சாகாது தம்பி. 1961-இல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்ட, உருளையின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு அது. கடுகைவிடச் சின்ன கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை, அந்தக் கூட்டின் வேலையே காய்ந்துபோவதைத் தாங்குவது. கிழங்கே இல்லாமல் மண்ணில் பல வருடம் கிடக்கும். வற்றிய கிழங்கின் சுருக்கத்தில் ஒட்டியிருக்கும் மண் அதற்கு வசதியான வாகனம். நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போகக் கூடாது என்று தடை வைத்திருப்பதே அதனால்தான். மலிவு விதைக்கு ஆசைப்பட்டு நிலத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேத்திப்பள்ளம் அவர்களுக்கும் இது பொருந்தும்: அடுத்த முறை குஃப்ரி ஸ்வர்ணா, குஃப்ரி சஹ்யாத்ரி மாதிரி நூற்புழு தாங்கும் ரகத்தை ஒரு பங்காவது வையுங்கள். ஜோதியையே சுற்றிச் சுற்றி நட்டால் மண்ணில் அது பெருகிக்கொண்டே போகும்.

சேற்றுக்கால்:
மேட்டுப்பாளையம் மண்டியில் சாப்பாட்டுக் கிழங்கு மூட்டை வாங்கி விதையாகப் போடலாமா என்று இதே மாதிரி அடிக்கடி கேட்கிறார்கள்.

விதைநுட்பம்:
வேண்டாம். குளிர்பதனக் கிடங்கிலிருந்து வரும் சாப்பாட்டு, சிப்ஸ் கிழங்குக்கு முளை அடக்கும் மருந்து அடித்திருக்கலாம். சிஐபிசி (CIPC) என்பார்கள். அது பட்ட கிழங்கு பார்க்கப் பளபளவென்று இருக்கும், முளை மட்டும் வராது, வந்தாலும் குருடாக நிற்கும். உங்கள் வற்றல் கிழங்கு அதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

கேத்திப்பள்ளம்:
பிரித்தேன். முதல் குவியலும் இரண்டாவதும் சேர்ந்து முக்கால் பங்குக்கு மேல் இருக்கிறது. சோதனைக்குத் தட்டில் வைத்துவிட்டேன். நடும்போது வேறு ஏதும் மாற்றம் வேண்டுமா? ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?

கோத்தகிரி_வயல்:
வற்றிய விதையை எடைக்கணக்கில் நடாதீர்கள், எண்ணிக்கையில் நடுங்கள். 45-க்கு 20 செ.மீ. இடைவெளி என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 45,000 குழி. முன்பு 40 கிராம் இருந்தபோது 50 கிலோ மூட்டையில் 1,250 கிழங்கு, ஏக்கருக்கு 36 மூட்டை. உங்கள் மூட்டை இப்போது 40 கிலோவாக நின்றாலும் உள்ளே அதே 1,250தான். ஆக அதே 36 மூட்டை. வெளியில் வற்றியதை எடைக்கு வாங்கினால் 50 கிலோவில் 1,560 வரும், அப்போது 29 மூட்டை போதும். ஒரு கிழங்கு எத்தனை கிராம் என்று உங்கள் விதையை நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லோருடைய விதையும் 40 கிராம் இருக்காது.

நடவு: மண் ஈரம் பிடித்திருக்க வேண்டும். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. கோடை மழை ஒன்று பெய்த பின் நடுவது உத்தமம். உலர் மண்ணில் நட்டுவிட்டு அப்புறம் தண்ணீர் பாய்ச்சாதீர்கள், தளர்ந்த கிழங்கு இரண்டையும் தாங்காது. முளை மேலே பார்க்கும்படி வைத்து 5 செ.மீ. மண் மூடினால் போதும், ஆழம் வேண்டாம். செடி ஒரு சாண் வந்ததும் மண் அணைத்துக்கொள்ளலாம்.

முக்கியமானது அடியுரம். காம்ப்ளெக்ஸ் உரம் கிழங்கின் மேல் படவே கூடாது. உரத்தின் உப்பு, கிழங்கில் மிச்சமிருக்கும் தண்ணீரையும் இழுத்து முளையைக் கருக்கிவிடும். தண்ணீர் நிறைந்த விதை அதைச் சமாளிக்கும், வற்றியது சமாளிக்காது. சாலில் உரம் போட்டு, மேலே நாலு விரல் மண் தள்ளி, அதன் மேல் கிழங்கு.

விதைநுட்பம்:
விளைச்சலில் என்ன எதிர்பார்க்கலாம் என்றால், வயதான விதை சீக்கிரம் முளைக்கும், ஒரு குழியில் அதிகத் தண்டு வரும், சீக்கிரம் கிழங்கு கட்டும், சீக்கிரம் பழுக்கும். கிழங்கு எண்ணிக்கை கூடும், அளவு சிறுக்கும், மொத்த எடை குறையும். நீலகிரியில் கார்போகத்துக்கு இதில் ஒரு சின்ன லாபம் ஒளிந்திருக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் பின் கருகல் நோய் உச்சத்துக்கு வரும்போது இந்தச் செடி பாதிக் கிழங்கு கட்டி முடித்திருக்கும். அதற்காக மருந்து தெளிப்பை விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை.

இந்தப் பயிரிலிருந்து அடுத்த விதை எடுக்க வேண்டாம். சிறுகிழங்கு நிறைய வரும், விதைக்கு வைக்கலாமே என்று ஆசை வரும். ஏற்கெனவே பலமுறை நட்ட ஜோதி என்றால் நச்சுயிரியும் சேர்ந்தே வந்துகொண்டிருக்கும்.

கூடலூர்_இஞ்சி:
இஞ்சிக்கும் சொல்கிறேன், கேட்பவர்கள் உண்டு. குழியில் வைத்த விதை இஞ்சி சுருங்கினால் முறித்துப் பாருங்கள். "டக்" என்று முறிந்து உள்ளே மஞ்சள் ஈரம் தெரிந்தால் விதை. நாராக வளைந்தால் சுக்குக்குப் போடுங்கள். மொட்டு வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ உருண்டு நிற்க வேண்டும், பழுப்பேறித் தட்டையானது வராது.

தேறுமா தேறாதா என்று நடுவில் நிற்கும் இஞ்சியை நேரே வயலில் போடாதீர்கள். 5 கிராம் அளவுக்கு ஒரு மொட்டுத் துண்டாக வெட்டி, மாங்கோசெப் (பூசணக்கொல்லி) 0.3 சதவீதக் கரைசலில் 30 நிமிடம் முக்கி நிழலில் உலர்த்தி, குழித்தட்டில் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் போட்டு முளைக்க வையுங்கள். 30 முதல் 40 நாளில் நாற்று. முளைத்தது மட்டும்தான் வயலுக்குப் போகும். எக்டருக்கு 2,000 கிலோவுக்கு மேல் பிடிக்கும் விதை இந்த முறையில் 500 முதல் 750 கிலோவுக்குள் முடியும். வற்றிய விதைக்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

மண்டிப்பக்கம்:
உருளையை வெட்டாதே, இஞ்சியை 5 கிராமாக வெட்டு. நல்லா இருக்கு நியாயம் :)

கூடலூர்_இஞ்சி:
இஞ்சி துண்டு நார்க்கழிவுத் தட்டில் நிழலில் தினம் தண்ணீர் தெளித்து வளர்கிறது, அதான் அண்ணே. உருளையைச் சாலில் போட்டு மண்ணை மூடிவிட்டு வந்துவிடுகிறோம்.

ஈரோட்டு_மஞ்சள்:
மஞ்சள் விதை நிழலில் குவித்து மஞ்சள் செடியின் தழையால் மூடி வைப்போம். இரண்டு மூன்று மாதத்தில் கொஞ்சம் சுருங்குவது இயல்பு, மே, ஜூன் நடவுக்கு ஒன்றும் ஆகாது. குண்டு மஞ்சள் வற்றலைத் தாங்கும், விரலி தாங்காது, மெலிந்த விரலி முதலில் போகும்.

ஆனால் மஞ்சளும் இஞ்சியும் வேகமாகச் சுருங்கினால் வெயிலைத் திட்டுவதற்கு முன் பூதக்கண்ணாடி எடுங்கள். கிழங்கின் மேல் வெள்ளைச் சுண்ணாம்புப் புள்ளி வட்டம் வட்டமாக ஒட்டியிருந்தால் அது செதில் பூச்சி. சாறை உறிஞ்சித்தான் கிழங்கு வற்றுகிறது. நகத்தால் சுரண்டினால் செதிலாகப் பெயரும். குவியலில் ஒரு மூலையில் ஆரம்பித்து எல்லாவற்றுக்கும் பரவும். மொட்டை மூடிப் படர்ந்துவிட்ட கிழங்கை விதைக்கு எடுக்காதீர்கள், அவித்துக் காயவைத்து விற்றுவிடலாம்.

பட்டறை_வெங்காயம்:
சின்ன வெங்காயத்துக்குக் கதை வேறு. எடுத்தவுடன் நட்டால் முளைப்பு ஒரே சீராக வராது, இரண்டு மாதமாவது பட்டறையில் (வெங்காயம் சேமித்து வைக்கும் இடம்) கிடக்க வேண்டும். வெளித்தோல் சருகாவது நல்ல அறிகுறி. அமுக்கிப் பார்க்க வேண்டிய இடம் கழுத்தும் அடித்தட்டும். கழுத்து கெட்டியாக மூடியிருந்து, வேர் வரும் அடித்தட்டு கல் போல இருந்தால் காய் சிறுத்திருந்தாலும் விதைதான். அமுக்கினால் பொக்கென்று உள்ளே போனால் தோல்தான் மிச்சம். தாள் அறுக்கும்போது இரண்டு செ.மீ. விடாமல் ஒட்ட அறுத்த வெங்காயம்தான் பெரும்பாலும் இப்படிப் பொக்காகும்.

கரும்பொடி தோலோடு நின்றால் உரித்துவிட்டு நடலாம். அடித்தட்டில் இறங்கியிருந்தால் நடாதீர்கள். முளை தடுக்க அறுவடைக்கு முன் மாலிக் ஹைட்ரசைடு தெளித்த வெங்காயமா என்று விற்பவரிடம் கேளுங்கள். தெளித்திருந்தால் சாம்பாருக்குத்தான்.

மரவள்ளி_கரணை:
மரவள்ளிக் குச்சிக்கு ஒரு வரி: நகத்தால் பட்டையைக் கீறினால் உடனே பால் வர வேண்டும். வராத இடம் வரைக்கும் வெட்டிக் கழித்துவிட்டு மீதியில் 15 செ.மீ. கரணை போடுங்கள். குச்சியை நிழலில் நிற்க வைத்துச் சேமியுங்கள், படுக்க வைத்தால் கணு கணுவாக முளைத்து வற்றும்.

அடுப்படி:
கேட்கவே தயக்கமாக இருக்கிறது, விதைக்குக் கழித்த உருளையைச் சமைக்கலாமா? வீட்டில் சுருங்கிப்போன கிழங்குக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விதைநுட்பம்:
தயங்க வேண்டாம் அக்கா. சுருக்கம் மட்டும், பச்சை இல்லை, முளை சின்னது என்றால் சாப்பிடலாம். குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால் தோல் சீவ வரும். முளையைக் கண்ணோடு ஆழமாகத் தோண்டி எடுங்கள்.

பச்சை பிடித்ததும் நீள முளை விட்டதும் வேறு விஷயம். அதில் சோலனின் வகை நஞ்சு கூடியிருக்கும். சமைக்காத கிழங்கின் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரைதான் பாதுகாப்பு என்று பொதுவாக வைத்திருக்கிறார்கள். வேகவைத்தாலும் அது அழியாது. தோலை ஒட்டிய பகுதியில்தான் அதிகம் என்பதால் கனமாகச் சீவினால் குறையும், ஆனால் உள்ளே வரை பச்சை என்றால் சீவிப் பயனில்லை. வாயில் வைத்ததும் கசந்து தொண்டை எரிந்தால் துப்பிவிடுங்கள். தட்டில் வெளிச்சத்தில் பரப்பிய விதையும், மருந்தில் முக்கிய விதையும் மனிதருக்கும் இல்லை, மாட்டுக்கும் இல்லை.

குளிர்பதனக் கிழங்கு இனிக்கிறது, வறுத்தால் கறுக்கிறது என்றால் அது கெட்டதில்லை. குளிரில் மாவு சர்க்கரையாக மாறியிருக்கிறது. நிழலில் வெளியே இரண்டு மூன்று வாரம் வைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

கேத்திப்பள்ளம்:
கடைசியாக ஒன்று. மாங்கோசெப் கரைசலில் முக்கி நடலாமா? முளை விட்ட கிழங்கை முக்கினால் முளை உடைகிறது.

கோத்தகிரி_வயல்:
முக்குவது முளை வருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. முளைத்ததற்கு லிட்டருக்கு இரண்டரை கிராம் கலந்து, தட்டில் இருக்கும்போதே கைத்தெளிப்பானால் நனையும் அளவுக்குப் புகையாக அடியுங்கள், கீழே வழிய வேண்டாம். கிழங்கைத் திருப்பி அடுத்த பக்கம் ஒரு முறை. நிழலில் முழுக்க உலர்ந்த பிறகுதான் கூடையில் அள்ள வேண்டும், ஈரத்தோடு குவித்தால் சூடேறி அழுகும். கையுறை, முகக்கவசம் கட்டாயம். மிச்சக் கரைசலை ஓடையில் ஊற்றாதீர்கள், கீழே குடிதண்ணீர் எடுக்கிறார்கள். வேண்டிய அளவு மட்டும் கரைத்துக்கொண்டால் அந்தப் பிரச்சினையும் இல்லை.